கத்திக்கு முன்னால் ஒரு கணக்கு!

எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது... குழந்தையும் வேண்டும். எந்தச் சோதனை முதலில்? எந்தச் சிகிச்சை பிறகு?

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். உங்கள் தெருவில் இருக்கலாம். ஏன், உங்கள் வீடாகவே கூட இருக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு வயசு இருபத்தொன்பது. பத்தாவது படிக்கும்போதே மாதவிலக்கு வந்தால் சுருண்டு படுத்துவிடுவாள். வெந்நீர் ஒத்தடம், மோரில் வெந்தயம், ஒரு வலி மாத்திரை என்று அம்மா கவனித்துக்கொண்டார். "எல்லாப் பொண்ணுங்களுக்கும் இருக்கறதுதான்டி. கல்யாணமானா சரியாயிடும்" என்றார் பாட்டி. கல்யாணம் ஆனது. வலி போகவில்லை. "ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்மா" என்றார் மாமியார். இரண்டு வருஷமாகக் குழந்தையும் தங்கவில்லை. "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தே கல்யாண வீடுகளில் முதல் பந்தியோடு கிளம்பிவிடுகிறாள்.

போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சினைப்பைகளிலும் 'சாக்லேட் கட்டி'. ரிப்போர்ட்டைப் பார்த்த சொந்தக்காரர் ஒருவர், "கட்டின்னா உடனே எடுத்துடணும். நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க" என்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள்! அந்தக் கட்டியை எடுக்க வேண்டி வரலாம், வராமலும் போகலாம். ஆனால் கத்தி படுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் பார்த்தாக வேண்டும். இந்த நோயில் என்ன சிகிச்சை என்பதைப் போலவே, எதை முதலில் செய்கிறோம் என்பதும் முக்கியம்.

என்னதான் நடக்கிறது உள்ளே?

கர்ப்பப்பையின் உட்சுவரில் மாதாமாதம் ஒரு மெத்தை போன்ற திசு வளர்கிறது. கரு தங்கினால் அதற்குப் படுக்கை. தங்காவிட்டால் உதிர்ந்து மாதவிலக்காக வெளியேறிவிடும். இதே மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே சினைப்பை, கருக்குழாய், குடலின் மேற்பரப்பு, அடிவயிற்றுச் சவ்வு என்று எங்காவது வளர்ந்தால், அதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அங்கேயும் மாதாமாதம் ரத்தம் கசியும். ஆனால் வெளியேற வழி கிடையாது. அந்த இடம் புண்ணாகி, வீங்கி, தழும்பாகிறது. பலாப்பால் பட்ட விரல்கள் மாதிரி உள்ளே இருக்கும் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பைக்குள் தேங்கும் பழைய ரத்தம் கரைத்த சாக்லேட் நிறத்தில் இருப்பதால் 'சாக்லேட் கட்டி' என்று பெயர் வந்தது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இது புற்றுநோய் அல்ல.

இது ஏன் வருகிறது? மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போவதால்தான் என்று 1927-ல் அமெரிக்க டாக்டர் ஜான் சாம்ப்சன் சொன்னார். அது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிற விஷயம்தான். ஆனால் நோய் சிலருக்கு மட்டும்தானே வருகிறது? பரம்பரை, உடலின் எதிர்ப்புச் சக்தி போன்றவற்றுக்கும் பங்கு இருக்கிறது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, நீங்கள் தனி ஆள் இல்லை. நீங்கள் ஏதோ தப்பு செய்ததால் வந்ததும் இல்லை.

அறிகுறிகள் என்ன? வேலைக்கோ காலேஜுக்கோ போக முடியாத அளவுக்கு மாதவிலக்கு வலி, தாம்பத்யத்தின்போது ஆழத்தில் வலி, அந்த நாட்களில் மலம், சிறுநீர் கழிக்கும்போது வலி, மற்ற நாட்களிலும் விடாத இடுப்பு வலி. சிலருக்கு எந்த வலியும் இருக்காது. குழந்தைக்காகச் சோதனை செய்யும்போதுதான் தெரியவரும். இன்னொன்று, வலி அதிகமென்றால் நோயும் முற்றியது என்று அர்த்தமில்லை. நாலே நாலு புள்ளி அளவு நோய் ஆளைப் படுத்தி எடுக்கலாம். பெரிய கட்டி சத்தமில்லாமல் இருக்கலாம்.

குழந்தைக்கு எப்படித் தடையாகிறது?

மூன்று வழிகளில். சினைப்பையும் கருக்குழாயும் ஒட்டிக்கொண்டு இடம் மாறிவிட்டால், வெளிவரும் முட்டையைக் குழாயால் பிடிக்க முடிவதில்லை. வயிற்றுக்குள் இருக்கும் அழற்சி நீர் முட்டைக்கும் விந்தணுவுக்கும் ஒத்துக்கொள்வதில்லை. சாக்லேட் கட்டி, தான் இருக்கிற சினைப்பையின் முட்டைச் சேமிப்பையே அரிக்கிறது. இதோடு, வலிக்குப் பயந்து தாம்பத்யத்தையே தள்ளிப்போடும் தம்பதிகளும் உண்டு. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது.

எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்குக்கூட ஒரு மாசத்தில் கரு தங்கும் வாய்ப்பு 15 முதல் 20 சதவிகிதம்தான். எண்டோமெட்ரியோசிஸ் இருந்து சிகிச்சை இல்லாவிட்டால் அது 2 முதல் 10 சதவிகிதம் வரை இறங்குகிறது. குறைகிறதே தவிர, பூஜ்யமாகிவிடவில்லை. இந்த நோய் இருந்தும் தானாகவே கருத்தரித்த பெண்கள் ஏராளம்.

பொதுவாக, முப்பத்தைந்து வயசுக்குள் இருந்தால் ஒரு வருஷம் முயற்சி செய்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்பார்கள். முப்பத்தைந்தைத் தாண்டினால் ஆறு மாசம். எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தால் இந்தக் காத்திருப்பே வேண்டாம். குழந்தை வேண்டும் என்று முடிவு செய்த அன்றே போய்விடுங்கள்.

அந்தக் கணக்கு என்ன?

பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் 10 லட்சம் முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. வயசுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சமாகிவிடும். இது வட்டியே வராத ஒரு பேங்க் கணக்கு. எடுக்கத்தான் முடியும், புதிதாகப் போட முடியாது. சாக்லேட் கட்டி இந்தக் கணக்கிலிருந்து கொஞ்சம் எடுக்கிறது. அந்தக் கட்டியை நீக்கும் ஆபரேஷனும் கொஞ்சம் எடுக்கும்! கட்டியின் சுவரை உரித்தெடுக்கும்போது, அதோடு ஒட்டியிருக்கும் நல்ல சினைப்பைத் திசுவும் கூடவே வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் கட்டி இருந்தாலோ, இரண்டாவது முறை ஆபரேஷன் என்றாலோ நஷ்டம் அதிகம்.

அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே இருப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொல்கிறோம். அதற்கு இரண்டு சோதனைகள்.

ஏ.எம்.ஹெச்.: சாதாரண ரத்தப் பரிசோதனை. மாதத்தின் எந்த நாளிலும் எடுக்கலாம். சாப்பிடாமல் போக வேண்டியதில்லை. ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அளவு குறைத்துக் காட்டலாம், அதை முன்பே சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டில் ஒன்றுக்குக் கீழே எண்ணைப் பார்த்ததும் அழ ஆரம்பிக்காதீர்கள். முட்டைகள் எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் அது சுட்டிக்காட்டும். முட்டையின் தரத்தை அதைவிட உங்கள் வயசுதான் சொல்லும். ஏ.எம்.ஹெச். குறைவாக இருந்தும் தாயானவர்கள் உண்டு. 'தாமதிக்காதே' என்பதுதான் அந்த எண் சொல்லும் சேதி.

உள்வழி ஸ்கேன்: மாதவிலக்கின் இரண்டாம், மூன்றாம் நாளில் பிறப்புறுப்பு வழியாகச் செய்வது. சினைப்பையில் வளரத் தயாராக இருக்கும் சின்னச் சின்ன நீர்ப்பைகளை எண்ணுவார்கள். கட்டி இருக்கிறதா, சினைப்பை அசைகிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். கல்யாணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேல் ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: புள்ளி புள்ளியாக இருக்கும் ஆரம்பகட்ட நோய் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். 'ஸ்கேன் நார்மல்' என்பதற்காக உங்கள் வலி பொய்யாகிவிடாது.

கணவரும் வரணும்!

சில வீடுகளில் மனைவிக்கு ஆபரேஷன் வரை முடிந்த பிறகுதான் கணவர் விந்தணு சோதனைக்குப் போவார். இது தலைகீழ். ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தால் போதும். குழந்தையில்லாத தம்பதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களிடம் ஆண் பக்கமும் குறை இருக்கிறது. விந்தணு மிகக் குறைவாக இருந்து, எப்படியும் ஐ.வி.எஃப்.தான் வழி என்றால், சினைப்பையைத் தொடும் ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாம். மனைவிக்கு 'எண்டோமெட்ரியோசிஸ்' என்று பெயர் வைத்துவிட்டதால் கணவருக்கு விடுதலை கிடையாது.

மற்ற சோதனைகள்

தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன்கள், மாதாமாதம் முட்டை வெளிவருகிறதா என்பது... இவை ரத்தத்திலேயே தெரிந்துவிடும்.

கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க ஹெச்.எஸ்.ஜி. என்ற எக்ஸ்ரே. மாதவிலக்கு நின்றபின், முட்டை வெளிவருவதற்கு முன் எடுப்பார்கள். கர்ப்பப்பைக்குள் மருந்து செலுத்தும்போது சில நிமிடங்கள் வலிக்கும். முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். குழாய் அடைத்திருக்கிறதா என்பதை இது காட்டும். குழாய்க்கு வெளியே இருக்கும் ஒட்டல்களைச் சரியாகக் காட்டாது.

சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இது சினைப்பைப் புற்றுநோயிலும் உயரும், எண்டோமெட்ரியோசிஸிலும் உயரும், சாதாரண மாதவிலக்கின்போதும் உயரும். இதை மட்டும் வைத்துக்கொண்டு 'இருக்கு', 'இல்லை' என்று முடிவு செய்ய முடியாது. நெட்டில் பார்த்துவிட்டு 'கேன்சர்' என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் இருக்காதீர்கள்.

லாப்ராஸ்கோப்பி? தொப்புள் வழியாகக் கேமரா செலுத்திப் பார்த்தால்தான் நோய் உறுதி என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். இப்போது அப்படியில்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ.யிலோ தெரிந்தால் அதுவே போதும். அவற்றில் எதுவும் தெரியாதபோதோ, மருந்துக்கு வலி கேட்காதபோதோதான் 'பார்ப்பதற்காக' லாப்ராஸ்கோப்பி.

மாத்திரை சாப்பிட்டால் கரு தங்குமா?

இங்கேதான் நிறைய பேருக்கு மாசங்கள் வீணாகின்றன. டைனோஜெஸ்ட் மாத்திரை, கருத்தடை மாத்திரை, மாசம் ஒரு முறை போடும் ஹார்மோன் ஊசி எல்லாமே வலியைக் குறைக்க நல்ல மருந்துகள். ஆனால் இவை முட்டை வெளிவருவதைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன. இவற்றைச் சாப்பிடும் வரை கரு தங்குவது கடினம். நிறுத்திய பிறகு வாய்ப்பு கூடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. "ஆறு மாசம் ஊசி போடுங்க, அப்புறம் குழந்தைக்குப் பாக்கலாம்" என்று யாராவது சொன்னால், முப்பத்து நாலு வயசுப் பெண்ணுக்கு அந்த ஆறு மாசம் பெரிய விலை. ஐ.வி.எஃப். சிகிச்சையின் ஒரு பகுதியாக ஊசி போடுவது வேறு விஷயம்.

ஆகவே டாக்டரின் அறைக்குள் போனதும் முதல் வார்த்தையாக, "டாக்டர், எனக்கு இப்போ குழந்தை வேணும்" என்றோ, "இப்போதைக்கு வலி போனாப் போதும்" என்றோ தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் பாதை வேறு வேறு.

ஆபரேஷன் யாருக்கு?

ஆரம்பகட்ட நோய் என்றால் லாப்ராஸ்கோப்பி மூலம் அந்தப் புள்ளிகளை அகற்றுவது உதவுகிறது. 1997-ல் கனடாவில் 341 பெண்களிடம் நடந்த ஆய்வு இதைக் காட்டியது. புள்ளிகளை அகற்றியவர்களில் 100-க்கு 31 பேர் 36 வாரங்களுக்குள் கருவுற்றார்கள். வெறுமனே கேமராவால் பார்த்துவிட்டு விட்டவர்களில் 18 பேர்.

சாக்லேட் கட்டி என்றால் கணக்கு மாறும். வலி தாங்க முடியவில்லை, கட்டியின் தோற்றம் சந்தேகமாக இருக்கிறது, முட்டை எடுக்கப் பாதை மறைக்கிறது என்றால் ஆபரேஷன் தேவைப்படும். வயசு குறைவு, இருப்பு நன்றாக இருக்கிறது, கணவர் ரிப்போர்ட் நார்மல் என்றால், ஆபரேஷன் செய்துவிட்டு இயற்கையாக முயற்சி செய்யலாம். ஆனால் ஐ.வி.எஃப். செய்யப்போகிறோம் என்பதற்காக மட்டும் கட்டியை எடுப்பதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுவதில்லை. "ஊசியால உறிஞ்சி எடுத்துட்டாப் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. உறிஞ்சினால் மறுபடி நிரம்பிவிடும்.

ஒரு விதிவிலக்கு: கருக்குழாய் அடைத்து, அதில் நீர் கோத்து வீங்கியிருந்தால், ஐ.வி.எஃப்.புக்கு முன்பே அந்தக் குழாயை அகற்றுவதோ அடைப்பதோ நல்லது. அந்த நீர் கர்ப்பப்பைக்குள் இறங்கிக் கருவைத் தங்கவிடாது. இங்கே மட்டும் கத்திக்குத்தான் முதல் இடம்.

ஆபரேஷன் முடிந்ததும் 'ஈ.எஃப்.ஐ.' மதிப்பெண் கேளுங்கள். 2010-ல் வந்த முறை இது. வயசு, எத்தனை வருஷமாகக் குழந்தையில்லை, முன்பு கருத்தரித்தது உண்டா, குழாயும் சினைப்பையும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையெல்லாம் கூட்டிப் பத்துக்கு மார்க் போடுவார்கள். மார்க் அதிகம் என்றால் கொஞ்ச காலம் இயற்கையாக முயற்சி செய்யலாம். குறைவு என்றால் நேராக ஐ.வி.எஃப். 'நாலாம் ஸ்டேஜ்' என்ற வார்த்தையை விட இந்த மார்க் உங்களுக்கு உபயோகமானது.

ஐ.யூ.ஐ.யா, ஐ.வி.எஃப்.பா?

ஆரம்பகட்ட நோய், திறந்த குழாய்கள், நல்ல விந்தணு... இந்த மூன்றும் இருந்தால், முட்டை வளர மாத்திரையோ ஊசியோ கொடுத்து ஐ.யூ.ஐ. செய்து பார்க்கலாம். மூன்று, நான்கு முறைக்குள் பலன் இல்லையென்றால் அதையே இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

வயசு கூடுதல், முட்டை இருப்பு குறைவு, குழாய் பாதிப்பு, முற்றிய நோய், ஆண் பக்கக் குறை இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐ.வி.எஃப். பற்றிப் பேசலாம். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, மயக்க மருந்து கொடுத்து வெளியே எடுத்து, விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி, கர்ப்பப்பைக்குள் வைப்பார்கள். கருக்குழாயின் வேலையை லேபரட்டரி செய்துவிடுகிறது. 1978-ல் இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுனின் அம்மாவுக்கும் கருக்குழாய் அடைப்புதான். "ஐ.வி.எஃப். ஊசியால கட்டி வளந்துடாதா?" என்ற பயம் வேண்டாம். நோயைத் திரும்ப வரவழைப்பதாக நிரூபணம் இல்லை.

நம் நாட்டில் 2021-ல் இதற்கென்றே சட்டம் வந்தது. பதிவு பெற்ற மையத்தில்தான் சிகிச்சை செய்ய வேண்டும். பெண்ணுக்கு 21-லிருந்து 50 வயசுக்குள், ஆணுக்கு 21-லிருந்து 55 வயசுக்குள் இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைப் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை. 'நூறு சதவிகிதம் கேரண்டி' என்று போர்டு வைத்திருந்தால் அங்கிருந்து நடையைக் கட்டுங்கள். அப்படி வாக்குக் கொடுக்க எந்த டாக்டராலும் முடியாது.

கல்யாணமாகாத பெண்ணுக்கு இரண்டு பக்கமும் கட்டி, ஆபரேஷன் தவிர்க்க முடியாது என்ற நிலையா? முன்பே முட்டைகளை எடுத்து உறையவைத்துப் பாதுகாக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சொல்றாங்களே... உண்மையா?

'கல்யாணம் பண்ணி வெச்சா வலி போயிடும்.'
போகாது. கல்யாணம் மருந்து அல்ல.

'குழந்தை பிறந்தா நோய் குணமாயிடும்.'
கர்ப்பத்தின்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் மாதவிலக்கு இல்லாததால் வலி அடங்கலாம். பிறகு திரும்ப வரலாம்.

'இந்த டயட்டில் கட்டி கரைஞ்சிடும்.'
கட்டியைக் கரைக்கும் சாப்பாடு எதுவும் இல்லை. நல்ல சாப்பாடு, நடைப்பயிற்சி உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான். குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்துக்கொள்வது அவசியம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. என் வயசுக்கு என் முட்டை இருப்பு எப்படி?
2. ஆபரேஷனால் அது எவ்வளவு குறையக்கூடும்?
3. கட்டியை எடுக்காமலே முயற்சி செய்ய முடியுமா?
4. இந்த மாத்திரை வலிக்கா, குழந்தைக்கா?
5. எத்தனை மாசம் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்?

எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்தக் குறிப்பும், வீடியோ இருந்தால் அதுவும் கட்டாயம் வேண்டும். அடுத்த டாக்டர் மறுபடி வயிற்றைத் திறந்து பார்க்காமல் இருக்க அது உதவும்.

இப்போது அந்த இருபத்தொன்பது வயசுப் பெண்ணிடம் திரும்பிப் போவோம். அவள் நாளைக்கே அட்மிட் ஆக வேண்டியதில்லை. ஒரு ஏ.எம்.ஹெச்., முட்டைப் பைகளை எண்ணும் ஒரு ஸ்கேன், கணவருக்கு ஒரு விந்தணு சோதனை. ஒரே மாசத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு ஆபரேஷன் என்று முடிவானாலும் சரி, நேராக ஐ.வி.எஃப். என்று முடிவானாலும் சரி, அது கணக்குப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கும்.

வீட்டில் பத்தாவது படிக்கும் மகள் மாசாமாசம் சுருண்டு படுக்கிறாளா? 'எல்லாருக்கும் இருக்கறதுதான்' என்று சொல்வதற்கு முன், ஒரு தடவை பெண்கள் நல டாக்டரிடம் அழைத்துப் போங்கள் அம்மா. அவளுடைய கணக்கில் இப்போது இருப்பு நிறைய இருக்கிறது.